முடியாதாம்!

பாரா கனோயிங் என்ற துடுப்புப் படகுப் போட்டியில் தூரம் 200 மீட்டர்தான். நல்ல வேகக்காரர் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுவார். ஆனால் தண்ணீரில் இறங்கும் முன்னால் ஒரு மேசையில் ஏறிப் படுக்க வேண்டும். மருத்துவம் அறிந்தவர் ஒருவர், படகு அறிந்தவர் ஒருவர் என இரண்டு வகைப்பாட்டாளர்கள் பக்கத்தில் நிற்பார்கள். இடுப்பை மடக்கு, முழங்காலை நீட்டு, கணுக்காலை அசை என்பார்கள். பிறகு எழுந்து உட்கார்ந்து முன்னால் குனிய வேண்டும், பக்கத்தில் சாய வேண்டும், உடம்பைத் திருப்ப வேண்டும். கடைசியில் படகில் ஏற்றித் தண்ணீரிலும் பார்ப்பார்கள். கால், உடல், தண்ணீர் என்று மூன்று சோதனை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கயாக் படகில் மொத்தம் 3 வந்தால் கே.எல்.1, 4 முதல் 7 வரை கே.எல்.2, 8 அல்லது 9 என்றால் கே.எல்.3. உடம்பு அதைவிட ஒழுங்காக இருந்தால், ‘உங்களுக்கு இங்கே வேலை இல்லை, போய் வாருங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள்.

விளையாட்டில்தான் இப்படி என்றில்லை. இந்த நாட்டில் ஒருவர் ‘என்னால் முடியாது’ என்று சொன்னால் மருத்துவர்கள் உட்கார்ந்து சதவீதம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பிறந்த நாளிலிருந்து நடந்திராத காலைப் பார்த்தும், ‘தற்காலிகமா, நிரந்தரமா?’ என்று கேட்டுவிட்டுத்தான் முத்திரையைக் கையில் எடுப்பார்கள். போலிகள் புகுந்துவிடுவார்களாம். சரி, இருக்கட்டும்.

ஆனால் வாயைத் திறந்து சொன்ன மாத்திரத்தில், சான்றிதழ் எதுவும் கேட்காமல் நம்பப்படுகிற ‘முடியாது’ ஒன்று உண்டு. அது அரசாங்கம் சொல்கிற ‘முடியாது’. சாய்தளம் கட்ட முடியாது, நிதி இல்லை. லிஃப்ட் வைக்க முடியாது, பழைய கட்டடம். பணத்தை நேரத்துக்கு அனுப்ப முடியாது, கோப்பு இன்னும் மேலே இருந்து வரவில்லை. மாவட்ட மருத்துவமனையில் எந்த மருத்துவக் குழுவும் இந்த ‘முடியாது’க்குச் சதவீதம் போட்டதில்லை. அதனால்தான் கேட்கிறேன்: அந்த வகைப்பாட்டு மேசையில் அரசாங்கத்தையும் ஒருமுறை படுக்கவைத்துப் பார்த்தால் என்ன?

ஒப்பிடுவதற்கு முதலில் ஒரு நிஜமான போட்டியாளர் வேண்டும். பிராச்சி யாதவை எடுத்துக்கொள்வோம். மத்தியப் பிரதேசம், குவாலியர். 1995இல் பிறந்தவர். பிறவியிலேயே இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லை. நீச்சல் குளத்தில்தான் தொடங்கினார், அதில் தேசியப் பதக்கங்களும் வாங்கினார். அவருடைய கைகளின் நீளத்தைப் பார்த்த நீச்சல் பயிற்சியாளர் வீரேந்திர குமார் டபாஸ், ‘நீ படகுக்குப் போ’ என்றார். 2018இல் பிராச்சி போபாலுக்குப் போனார். அங்கே சின்ன ஏரியில், மயங்க் தாக்கூர் என்ற பயிற்சியாளரிடம் துடுப்புப் பிடித்தார்.

அவர் ஏறியதில் ஒன்று ‘வா’ என்ற படகு. பசிபிக் தீவுக்காரர்களின் சரக்கு. ஏழு மீட்டருக்கு மேல் நீளம், ஆள் உட்கார ஒடுக்கமான ஓர் இடம், ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு மிதவைக் கட்டை. சுக்கான் கிடையாது. துடுப்புக்கும் ஒரே அலகுதான், ஒரே பக்கமாக இழுக்க வேண்டும். அப்படி இழுத்தால் படகு மறுபக்கம் திரும்பத்தானே பார்க்கும்? ஒவ்வொரு இழுப்பிலும் வேகத்தையும் கூட்டி, திசையையும் நேராக்கியபடியே போக வேண்டும். நமக்கென்றால் காலை ஊன்றி, இடுப்பிலிருந்து உந்தித் தள்ளிவிடுவோம். பிராச்சிக்கு அந்த உதவி கிடையாது. தோளும் முதுகும் வயிறும் சேர்ந்து காலின் வேலையையும் செய்ய வேண்டும்.

2019இல் முதல் முறையாக உலகக் கோப்பைக்குப் போனார். 2021 செப்டம்பரில் டோக்கியோ பாராலிம்பிக். இந்தப் போட்டி பாராலிம்பிக்கில் சேர்ந்தது 2016 ரியோவில்தான். அங்கே கயாக் மட்டும் இருந்தது. ‘வா’ படகு டோக்கியோவில்தான் நுழைந்தது. பெண்களுக்கு அதில் இருந்தது வி.எல்.2 என்ற ஒரே ஒரு பந்தயம். அதில் பிராச்சி இறங்கினார். பாராலிம்பிக் தண்ணீரில் படகு விட்ட முதல் இந்தியர் அவர்தான். முதல் சுற்றில் நான்காவதாக வந்தார். அரையிறுதியில் மூன்றாவது. இறுதிப் போட்டியில் 1 நிமிடம் 7.329 விநாடியில் எட்டாவது. தங்கம் வாங்கிய பிரிட்டனின் எம்மா விக்ஸ் 57.028 விநாடியில் முடித்திருந்தார்.

எட்டாவது இடம் என்று நம் ஊரில் ஓர் இடமே கிடையாது. முதல் மூன்றுக்குள் வந்தால் நாட்டின் மகள், நான்காவதாக வந்தால் ‘பாவம், ஒரு மயிரிழையில் போச்சு’. அதற்கும் கீழே போனால், ‘மக்கள் வரிப்பணத்தில் வெளிநாடு சுற்றிப் பார்த்தவர்’. துடுப்பு பிடித்து மூன்றே வருடத்தில், உலகத்தின் எட்டுப் பேரில் ஒருவராக வந்து நின்றவரைப் பற்றிக் கணக்குத் தெரிந்த யாராவது நாலு வரி எழுதியிருக்கலாம். எழுதினார்கள், எழுதாமல் இல்லை. ‘உடலில்தான் ஊனம், உள்ளத்தில் இல்லை’ என்று எழுதினார்கள். இந்த வாக்கியத்துக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொண்டால் விளையாட்டு நிருபர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

2022 மே மாதம் போலந்தின் போஸ்னான் நகரத்தில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம். பாரா கனோயிங் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். 2023 அக்டோபரில் ஹாங்ஜோ ஆசிய பாரா விளையாட்டுப் போட்டி. வி.எல்.2இல் வெள்ளி. அந்தப் போட்டியில் இந்தியாவின் கணக்கைத் தொடங்கிவைத்த பதக்கமே அதுதான். மறுநாள் கயாக்கில் 54.962 விநாடியில் தங்கம். அதே இடத்தில் அவருடைய கணவர் மனீஷ் கௌரவும் கே.எல்.3இல் வெண்கலம் வாங்கினார். உடனே தொலைக்காட்சிகளுக்குப் பின்னணி இசை கிடைத்துவிட்டது. காதல், கண்ணீர், துடுப்பு, வயலின்! 2024 ஜனவரியில் குடியரசுத் தலைவர் கையால் அர்ஜுனா விருது. அந்த செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கின் இறுதிப் போட்டியில் மறுபடி எட்டாவது இடம். வயலினை எடுத்து உறையில் போட்டுவிட்டார்கள்.

இடையில் ஒரு விஷயம். அதே மத்தியப் பிரதேசத்தில் பிந்த் என்ற ஊரிலிருந்து வந்த பூஜா ஓஜா, 2022இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் வி.எல்.1 பிரிவில் வெள்ளி வாங்கினார். எத்தனை பேருக்குத் தெரியும்? வி.எல்.1 என்பது மூன்று வகுப்புகளில் உடல் இயக்கம் மிகக் குறைந்தவர்களுக்கானது. அதைப் பாராலிம்பிக்கில் சேர்க்கவே இல்லை. அவர் பாரிஸுக்குப் போக வேண்டுமென்றால் படகையே மாற்றிக்கொண்டு கயாக்கில் ஏற வேண்டும். ஏறினார், போனார். உலகத்தில் இரண்டாம் இடம் பிடித்தவருக்கு ‘உன் பந்தயம் எங்கள் பட்டியலில் இல்லை’ என்று பதில் சொல்லும் ஆட்கள் சர்வதேச அளவிலும் இருக்கிறார்கள் என்பதில் நம்மவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

நம்முடைய பாராட்டு விழாக்களைப் பார்த்திருப்பீர்கள். மேடைக்கு ஏழெட்டுப் படி. படிக்குக் கீழே சக்கர நாற்காலி. நாலு தொண்டர்கள் பாய்ந்துவந்து, வீராங்கனையை நாற்காலியோடு தூக்கி மேலே வைப்பார்கள். கைதட்டல். தூக்குகிறவர்களின் முகம் கேமராவில் விழும்வரை இரண்டாவது படியில் ஒரு நிமிடம் நிற்பார்கள். பிறகு தலைவர் பேசுவார்: ‘தடைகளைத் தாண்டி வந்த இந்தச் சகோதரி...’ அந்தத் தடையின் மேல் நின்றுகொண்டுதான் பேசுகிறார். அதைக் கட்டியவரும் அதே வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருப்பார். முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமா என்று கேட்கிற பழமொழி நம்மிடம் உண்டு. தேனை அவ்வளவு உயரத்தில் கட்டித் தொங்கவிட்டது தேனீ இல்லை, பொதுப்பணித்துறை என்பதைத்தான் அது சொல்லாமல் விட்டுவிட்டது.

சரி, மேசைக்கு வருவோம். வகைப்பாட்டாளர்கள் தயார். அரசாங்கம் படுத்திருக்கிறது.

முதலில் கால் சோதனை. நகருமா, நகராதா? 2015 மார்ச்சில் காஜியாபாத்தில் தேசிய பாரா தடகளப் போட்டி நடந்தது. நாடு முழுவதிலிருந்தும் நூற்றுக்கணக்கான வீரர்கள் வந்தார்கள். தங்கவைத்தது கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தில். சாய்தளம் இல்லை. கழிப்பறைகள் இருந்த நிலையை எழுத இந்தப் பத்திரிகையின் தாள் தாங்காது. சக்கர நாற்காலிக்காரர்கள் படியில் தவழ்ந்து ஏறினார்கள். மறுபடி வாசியுங்கள்: நடக்க முடியாதவர்களுக்கான தேசியப் போட்டியில், நடக்க முடியாதவர்கள் தவழ்ந்தார்கள். உலகம் சிரித்தது. சர்வதேச பாராலிம்பிக் குழு இந்தியக் குழுவை இடைநீக்கம் செய்தது. அதற்குப் பிறகு நம் விளையாட்டு அமைச்சகமும் கோபப்பட்டு நடவடிக்கை எடுத்தது. அதுவரை எந்தக் கால் வலித்ததோ தெரியவில்லை.

ஆனால் அதே கால், பிரமுகர் ஒருவர் வருகிறார் என்றால் ஒரே இரவில் மூன்று கிலோமீட்டருக்குத் தார் போடும். வேகத்தடையைப் பெயர்த்தெடுத்து, அவர் போன பிறகு திரும்ப வைக்கும். சுவருக்கு வெள்ளை அடிக்கும், மரத்துக்குக் காவி அடிக்கும், இல்லாத இடத்தில் புல்லை விரிக்கும். பதக்கம் கழுத்தில் விழுந்து நிமிடம் ஆகும் முன்னால் வாழ்த்துச் செய்தி புகைப்படத்தோடு வந்து இறங்கிவிடும். புகைப்படத்தில் பாதி வீராங்கனை, மீதிப் பாதி வேறு யாரோ. இந்தக் காலுக்கு என்ன குறை? மதிப்பெண் முழுசு.

அடுத்தது உடல் சோதனை. குனி, சாய், திரும்பு. குனிவதைப் பற்றிச் சொல்ல வேண்டாம், பெரிய இடத்து ஆட்கள் எதிரே வந்தால் நம் நிர்வாகத்தின் நெற்றி தரையைத் தொடும். திரும்புவதில்தான் அசாத்தியத் திறமை. கேளுங்கள். 2015 டிசம்பர் 3ஆம் தேதி, மாற்றுத்திறனாளிகள் நாளில், ‘சுகம்ய பாரத்’ என்ற அணுகல் திட்டத்தைத் தொடங்கினார்கள். கட்டடம், ரயில், பேருந்து எல்லாவற்றையும் எல்லோரும் ஏறி இறங்கும்படி செய்யப்போவதாகச் சொன்னார்கள். கெடு வந்தது, தள்ளிவைத்தார்கள். மறுபடி வந்தது, மறுபடி தள்ளிவைத்தார்கள். கடைசியில் 2022 ஜூன் வரை போனது. நடுவில் 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய, விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டு என்று அதிலும் கெடு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. அந்தக் கணக்கிலும் 2022 ஜூன்.

விதிகள் எப்படி வந்தன என்பதில்தான் அந்த இடுப்பின் வளைவு தெரியும். ‘கட்டாயம் செய்’ என்றது சட்டம். சட்டத்துக்குக் கீழே எழுதிய 15ஆம் விதி, ‘இந்த இந்த வழிகாட்டுதல்களைப் பாருங்கள்’ என்று பரிந்துரையாக மாற்றிவிட்டது. சட்டம் முன்னே போக, விதி பின்னே திரும்பியது. பொது இடங்களை எல்லோரும் அணுகும்படி செய்யச் சொல்லி, பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005இலேயே வழக்குத் தொடுத்திருந்தார். 2017இல் ஒரு தீர்ப்பு. 2024 நவம்பர் 8ஆம் தேதி இன்னொரு தீர்ப்பு: அந்த விதி சட்டத்துக்கே விரோதமானது, பேரம் பேச முடியாத கட்டாயத் தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுத்துக் கொடுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். ஒரு சாய்தளத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நாட்டின் தலைமை நீதிபதி சொல்வதற்கு 19 ஆண்டு ஆகியிருக்கிறது. பிராச்சியின் தங்கம் 54.962 விநாடி என்று சொன்னேன் அல்லவா, அதை இதற்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைச் சோதனை இந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் ஓர் ஆர்வத்துக்காகப் பார்க்கலாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. சக்கர நாற்காலிக்கு 5 சதவீதம். செயற்கைக் காலுக்கும் 5 சதவீதம். வாங்குகிற கை நடுங்கவே இல்லை. நகையையும் ஆடம்பரக் காரையும் கண்ட அதே கண், கால் இல்லாதவரின் காலையும் கண்டுபிடித்து விலைச்சீட்டில் வரி ஒட்டியது. அதே ஜூலையில், பார்வையற்ற நீச்சல் வீராங்கனை காஞ்சன்மாலா பாண்டே பெர்லினுக்குப் போட்டிக்குப் போயிருந்தார். அவருக்கு ஒதுக்கிய பணம் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு ஊரில் கடன் வாங்கிச் சமாளித்து, அந்த நிலையிலும் வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார். வாங்கும்போது நீள்கிற கை, கொடுக்கும்போது மட்டும் எப்படி மடங்கிக்கொள்கிறது? இதற்கு மருத்துவத்தில் பெயர் இல்லை. மற்ற இடங்களில் நிறையப் பெயர் இருக்கிறது.

ரயில்வேயை விட்டால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2017 ஜூனில் பாரா விளையாட்டு வீராங்கனை சுவர்ணா ராஜ் நாக்பூரிலிருந்து டெல்லிக்குக் கரீப் ரத் ரயிலில் ஏறினார். போலியோவால் நடக்க முடியாதவருக்கு ஒதுக்கியது மேல் படுக்கை. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டுப் பார்த்தும் ஆள் வரவில்லை. இரவு முழுக்கத் தரையில் படுத்துக்கொண்டு போனார். அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டார். நம் நாட்டில் எந்தத் தாமதமும் இல்லாமல் நடப்பது இந்த உத்தரவு ஒன்றுதான். பத்து சதவீத இருக்கை விற்றதும் ராஜதானியில் கட்டணத்தை ஏற்றத் தெரிந்த கணினிக்கு, கால் நடக்காதவரைக் கீழே படுக்கவைக்க மட்டும் தெரியவில்லையாம். பாவம், அதற்கும் ஒரு சான்றிதழ் கொடுத்துவிடலாம்.

மூன்றாவது, தண்ணீர்ச் சோதனை. மேசையில் படுத்துக்கொண்டு முனகுகிறவரைத் தண்ணீரில் இறக்கிவிட்டால் உண்மை தெரிந்துவிடும். நியாயமாகப் பேசுவதென்றால் போபாலைச் சொல்ல வேண்டும். அங்கே ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது, பயிற்சியாளர் இருக்கிறார். அரசாங்கத்தின் பணமும் அதில் இருக்கிறது. பிராச்சியும் பூஜாவும் மனீஷும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஹாங்ஜோவில் இந்தியா வாங்கிய பாரா பதக்கங்கள் 111. டோக்கியோவில் 19, பாரிஸில் 29. முடியாத அரசாங்கம் செய்கிற வேலையா இது? ஓர் ஏரிக்கரையில் செய்து காட்டியதை ஒரு தாலுகா அலுவலகத்தின் வாசலில் ஏன் செய்யவில்லை என்றால், தாலுகா வாசலில் ஏறுகிற கிழவிக்கு யாரும் பதக்கம் போடமாட்டார்கள், பக்கத்தில் நின்று படம் எடுக்கவும் முடியாது. 2011 கணக்கெடுப்பில் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் ‘வா’ படகில் ஏறப்போகிறவர்கள் எத்தனை பேர்? மற்றவர்கள் ஓய்வூதியத்துக்கும் ரேஷன் அட்டைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள். அவர்கள் எந்த இறுதிப் போட்டிக்கும் தகுதி பெறமாட்டார்கள். சிறுநீர் கழிக்க ஓர் இடம் கேட்பார்கள், அவ்வளவுதான்.

முடிவு தெரிந்துவிட்டது. கால் முழுசு, உடல் முழுசு, தண்ணீரில் மீன். ‘அரசு இயந்திரம் முடமாகிவிட்டது, நிர்வாகம் ஊனமாகிக் கிடக்கிறது’ என்று மேடையில் முழங்குகிற எதிர்க்கட்சிப் பேச்சாளர்களும் தயவுசெய்து வாயை மூட வேண்டும். ஊனமுள்ளவர்கள் என்ன செய்தார்கள் என்று அவர்களை இந்த ஆட்களோடு சேர்த்துவைக்கிறீர்கள்? மேசையில் கிடப்பவருக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று வகுப்பில் எதிலும் சேர்க்க முடியாது.

பாரா விளையாட்டில் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. உடம்பில் இருக்கிற சக்தியை மறைத்து, முடியாதது போல் வகைப்பாட்டாளரிடம் நடிப்பது ‘வேண்டுமென்றே தவறாகக் காட்டுதல்’ என்ற குற்றம். ஊக்கமருந்துக்குச் சமமாக அதைப் பார்க்கிறார்கள். டோக்கியோவில் நம் வட்டு எறிதல் வீரர் ஒருவர் வெண்கலம் வென்றார். அவர் அந்த வகுப்புக்குத் தகுதியற்றவர் என்று முடிவாகிப் பதக்கம் பறிபோனது. பிறகு விசாரணை நடந்தது, இதே குற்றத்துக்கு இரண்டு ஆண்டு தடை. தனி மனிதர் ஒருவர், ஒரே ஒரு பதக்கம், ஒரே ஒரு மாலைப் பொழுது. விசாரித்தார்கள், தீர்ப்புச் சொன்னார்கள், வெளியே நிறுத்தினார்கள்.

மேசையிலிருந்து எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, காரில் ஏறிப் போகிற நம் ஆளுக்கு என்ன தண்டனை? 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதுவும் எழுதியிருக்கிறது, 89ஆம் பிரிவு. சட்டத்தை மீறினால், முதல் முறை அபராதம் 10,000 ரூபாய் வரை. நல்ல கார்பன் துடுப்பு ஒன்றைப் பிராச்சி வாங்கப் போனால், அந்தக் காசு துடுப்பின் கைப்பிடிக்குக்கூடக் காணாது.